தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நாய்க்கு எலும்பு வாங்கப் போகிறீர்களா? புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

165 ராண்டுக்கு வாங்கிய ஒரு கொம்புத் துண்டால் எனக்கு 9,400 ராண்ட் செலவு வந்தது. உங்களுக்காவது அந்தப் பணம் மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் நாய் கறுப்பி, எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்குநல அமைப்பின் காப்பகத்திலிருந்து வந்தவள். ஆப்பிரிக்கானிஸ் என்ற இந்த ஊர் நாட்டு நாயின் கலப்பு, 22 கிலோ, கண்ணில் பட்டதையெல்லாம் கடிக்கிற சுபாவம். மதுரையில் எங்கள் வீட்டு நாய்க்குத் தனியாகத் தீனி என்று எதையும் வாங்கியதில்லை. இலையில் மிஞ்சியதைத் தின்றது, வாசலில் படுத்தது. இங்கே செல்லப்பிராணிக் கடையில் ஒரு சுவர் முழுக்கத் தொங்குகிறது: பன்றிக்காது, மாட்டுக் குளம்பு, நெருப்புக்கோழி எலும்பு, கூடூ மான் கொம்பு. "கொம்பு இயற்கையானது சார், சிதறவே சிதறாது" என்றார் விற்றவர். அவர் சொன்னது பொய்யில்லை. கொம்பு சிதறவில்லை, கறுப்பியின் கடைவாய்ப்பல்தான் பிளந்தது.

அது பிளந்ததே எனக்குத் தெரியாது. ஆறு வாரம் கழித்து அவளுக்குக் கண்ணுக்குக் கீழே வீங்கியது. தேனீ கொட்டியிருக்கும் என்று மஞ்சள் பற்றுப் போட்டேன். மருத்துவர் உதட்டைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் புரிந்தது. மேல்வாயின் பெரிய கடைவாய்ப்பல்லில் வெளிப்பக்கம் ஒரு சில்லு பெயர்ந்து, வேர்வரை சீழ் பிடித்திருந்தது. அந்தப் பல்லின் வேர் கண்ணுக்கு நேர் கீழே இருப்பதால் வீக்கம் அங்கே தெரிகிறது. ஆலோசனைக்கு 620, ரத்தப் பரிசோதனைக்கு 900, மயக்க மருந்து, எக்ஸ்-ரே, பல் எடுத்தது எல்லாம் சேர்த்து 7,400, மாத்திரைகளுக்கு 480. கீழே வரும் விலைகளும் நான் கொடுத்தவைதான். உங்கள் பேட்டையில் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கலாம்.

1. கடைக்குப் போகும் முன் நாயின் வாயைப் பாருங்கள்

தடுப்பூசி போடப் போகும் நாளிலேயே மருத்துவரிடம் பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். இதற்கென்று தனியாக ஆலோசனைக் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. வளர்ந்த நாய்க்கு 42 பல், குட்டிக்கு 28 பால்பல். நாலாம் மாதத்திலிருந்து ஆறேழு மாதம் வரை பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும். அப்போது ஈறு அரிப்பில் செருப்பு, நாற்காலிக்கால் எதையும் விட்டுவைக்காது. பாவமாகத்தான் இருக்கும், ஆனால் அந்த வயதில் கெட்டியான எதையும் கொடுக்கக் கூடாது. ஈரத் துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்து, நீங்கள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கொடுங்கள். செலவே கிடையாது.

உங்கள் நாய் எப்படித் தின்கிறது என்பதையும் ஒரு வாரம் கவனியுங்கள். சில நாய்கள் பாட்டி வெற்றிலை மெல்லுவதுபோல் அரை மணி நேரம் அசை போடும். சில நாய்கள் கிடைத்ததை அப்படியே விழுங்கும். கறுப்பி இரண்டாவது ரகம். காப்பகத்தில் போட்டி போட்டுத் தின்ற பழக்கமாக இருக்கலாம். விழுங்குகிற நாய்க்குச் சின்னத் துண்டாக உடையும் எதுவும் ஆகாது.

2. நகத்தால் அழுத்திப் பாருங்கள்

கையில் எடுத்த பண்டத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். லேசாகவாவது பள்ளம் விழ வேண்டும். விழவில்லையென்றால் அது பல்லைவிடக் கெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வழி, அதைக் கொண்டு உங்கள் முழங்கால் சில்லில் ஒரு தட்டுத் தட்டச் சம்மதிப்பீர்களா என்று யோசிப்பது. வலிக்கும் என்று தோன்றினால் வாங்க வேண்டாம்.

மான்கொம்பு, மாட்டுக் குளம்பு, காய்ந்து வெளுத்த தொடையெலும்பு, கெட்டி நைலான் எலும்பு நான்கும் இந்தச் சோதனையில் தோற்றுப்போகும். குளம்பு 20 ராண்டுக்குக் கிடைக்கிறது என்று கூடை நிறைய வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓரம் உடைந்தால் அது கத்திபோல் கூர்மையாகவும் இருக்கும்.

"காட்டில் ஓநாய் எலும்பு தின்னலையா?" என்று கேட்பார்கள். காட்டு விலங்குகளுக்கும் பல் உடையத்தான் செய்கிறது. அதற்கு 9,400 ராண்ட் பில் போடத்தான் ஆளில்லை.

3. சமைத்த எலும்பு எதுவும் வேண்டாம்

எனக்கு இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். கடைச்சாமானை நாம் பார்த்து வாங்குகிறோம், தட்டில் மிஞ்சியதைப் பார்க்காமலே போட்டுவிடுகிறோம்.

எலும்புக்கு வளையும் தன்மை தருவது அதிலுள்ள கொலாஜன் என்ற புரதமும் ஈரமும். வேகவைத்தாலும் சுட்டாலும் இரண்டும் கெட்டு எலும்பு நொறுங்கும். நொறுங்கிய துண்டின் முனை ஊசிபோல் இருக்கும். கோழிக்கால், ஆட்டு விலா, சாப்ஸ் எலும்பு எல்லாம் இதில் சேர்த்தி. பிரஷர் குக்கரில் மெத்தென்று வெந்த எலும்புக்கும் நான் விதிவிலக்குத் தர மாட்டேன். தொண்டையில் சிக்கலாம், குடலைக் கிழிக்கலாம். தூளாகப் போனாலும் சுண்ணாம்புக் கட்டிபோல் இறுகி, மலம் வராமல் நாய் முக்கிக்கொண்டே நிற்கும்.

குழம்பு எலும்பில் இன்னொரு சிக்கல், வெங்காயமும் பூண்டும். இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். டர்பன் மட்டன் கறியில் இந்த இரண்டும் இல்லாத துளியே கிடையாது.

பக்கத்து வீட்டு ஆயா இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. "தம்பி, எங்க வூட்டு நாயெல்லாம் கறி எலும்பு தின்னுதான் பதினாலு வருசம் இருந்துச்சு" என்றார். இருந்திருக்கும். இரண்டு வருடத்தில் போன நாய்களின் கதையை யாரும் சொல்லி வைப்பதில்லை. ஆயாவிடம் வாதாடவில்லை. எலும்பை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு எங்கள் குப்பையில் போட்டேன். குப்பைத்தொட்டி மூடியின் மேல் ஒரு செங்கல் வைத்தேன். அதையும் மறக்காதீர்கள்.

புதிதாக வந்தவர்கள் நாள்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டிய தேதி செப்டம்பர் 24. பாரம்பரிய தினம் என்று பெயர், நாட்டில் பாதிப் பேருக்கு அது பிராய் தினம், அதாவது வெளியே நெருப்பு மூட்டிக் கறி சுட்டுத் தின்னும் நாள். நமக்கு அநேகமாகப் புரட்டாசி நடக்கும் நேரம். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் மாதம் முழுக்கக் கவிச்சி தொடாமல் இருக்கும்போது, மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நல்ல மனதோடு ஒரு சாப்ஸ் எலும்பு பறந்து வரும். முந்தின நாளே அண்டை வீட்டாரிடம் பேசிவிடுங்கள். "எங்கள் நாய்க்கு வயிறு ஒத்துக்கொள்ளாது" என்றால் போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பிராய் நாளில் எலும்போடு சேர்த்துக் கவனிக்க வேண்டியவை: சொசாட்டி என்ற சுட்ட கறித்துண்டுகளைக் குத்திய மூங்கில் குச்சி, கறி கட்டிய நூல், மக்காச்சோளக் கட்டை. இங்கே மீலி என்கிறார்கள். கட்டை செரிக்காது, எக்ஸ்-ரேயிலும் எளிதில் தெரியாது, குடலில் தக்கைபோல் அடைத்துக்கொள்ளும். மாங்கொட்டை, அவகாடோ கொட்டைக்கும் இதே கதிதான். டர்பன் இருக்கும் க்வாஸூலு-நட்டால் மாகாணத்தின் கடற்கரை ஓரத்தில் மக்கடேமியாத் தோட்டங்கள் நிறைய உண்டு. அந்தப் பருப்பைத் தின்ற நாய்க்குப் பின்னங்கால் தள்ளாடும், வாந்தியும் நடுக்கமும் வரும். சுட்ட கறியின் கொழுப்பு கணையத்தை வீங்கவைக்கும்.

4. பச்சை எலும்பு கொடுத்தே தீருவேன் என்றால்

எந்த எலும்பும் வேண்டாம் என்று சொல்கிற மருத்துவர்கள் நிறைய. நானும் இப்போது கொடுப்பதில்லை. கொடுக்க நினைக்கிறவர்கள் குறைந்தபட்சம் இதைச் செய்யுங்கள்.

கறிக்கடையில் வெறுமனே நாய் எலும்பு என்று கேட்காதீர்கள். கேட்டால், ரம்பத்தில் அறுத்த உறைந்த துண்டுகளைப் பையில் அள்ளித் தருவார்கள், கிலோ 30 ராண்டுக்கு. அதில் பாதி நல்லி வளையங்களாக இருக்கும். அந்த வளையத்தின் நடுவில் உள்ள மஜ்ஜையை நக்கப் போய், கீழ்த்தாடை உள்ளே நுழைந்து, கோரைப்பல்லுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். பிறகு மயக்க மருந்து கொடுத்து வளையத்தை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு லாப்ரடாருக்கு இது நடந்தது. ஒரு சின்ன வளையத்துக்காக ராத்திரி பதினோரு மணிக்குக் காரெடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

அறுக்காத முழு எலும்பாக, நாயின் முகத்தைவிடப் பெரியதாக, குருத்தும் சதையும் ஒட்டிய நெஞ்செலும்பு அல்லது கழுத்துப் பகுதியாகக் கேளுங்கள். மாட்டின் தொடை, கால் எலும்புகள் அதன் எடையைத் தாங்குபவை. பச்சையாக இருந்தாலும் பல்லை உடைக்கும் கெட்டி அவற்றுக்கு உண்டு. கோழிக்கழுத்து விழுங்குகிற நாய்க்கு ஆகவே ஆகாது.

சாப்பாடு போட்ட பிறகு கொடுங்கள், பசியில் கொடுத்தால் அவசரம் காட்டும். முதல் தடவை 10 நிமிடம், பிறகு 15 நிமிடம், அதோடு எடுத்துவிடுங்கள். சிமெண்ட் தரையில் கொடுத்து, பிறகு தேய்த்துக் கழுவுங்கள். டர்பன் கோடையின் புழுக்கத்தில் வெளியே கிடந்த எலும்பைத் திரும்ப ஃப்ரீசரில் வைத்து அடுத்த நாள் கொடுக்காதீர்கள். உறையவைத்தால் சால்மோனெல்லாக் கிருமி சாகாது, தூங்கும், அவ்வளவுதான். மின்வெட்டில் உருகி, கரண்ட் வந்து மறுபடி இறுகிய பைக்கும் இதே விதி. வீட்டில் கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, வயதானவர்களோ இருந்தால் பச்சை இறைச்சியை விட்டுவிடுவதே மேல். அந்த நாக்குதானே அரை மணி நேரத்தில் குழந்தையின் முகத்தை நக்கப்போகிறது.

5. பாக்கெட்டின் முதுகைப் படியுங்கள்

தென்னாப்பிரிக்காவில் விற்கும் நாய்த்தீனி 1947-ஆம் ஆண்டின் 36-ஆம் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும். பாக்கெட்டில் 'வி' என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவெண் இருக்கும். அந்த எண் இருந்துவிட்டால் பல்லுக்கு நல்லது என்று அர்த்தமில்லை. தயாரித்தவர் யார் என்று தெரியும், பிரச்சினை வந்தால் கேட்க ஓர் இடம் இருக்கும், அவ்வளவுதான். தொட்டியில் கொட்டி உதிரியாக விற்பதில் அதுகூட இருக்காது. வாங்கிய அன்றே பாக்கெட்டின் பின்பக்கத்தையும் பில்லையும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாய் கவரையும் சேர்த்து மென்றுவிட்டால் அந்தப் படம்தான் சாட்சி.

ஒவ்வொன்றைப் பற்றியும் என் அபிப்பிராயம்:

மாட்டுத்தோலை முறுக்கிச் செய்யும் ராஹைட் எனக்குப் பிடிக்காது. ஈரம்பட்டு ஊறிப் பெரிதாகும். விழுங்கிய துண்டு வயிற்றில் ஊறினால் அடைப்புதான். பன்றிக்காது 30 ராண்ட். மென்மையானதுதான், கொழுப்பு அதிகம். மாதத்துக்கு ஒன்று, அதுவும் கணையக் கோளாறு வந்த நாயாக இருந்தால் வேண்டவே வேண்டாம்.

புல்லி ஸ்டிக் 55 ராண்ட். காளையின் குறியை உலர்த்திச் செய்தது. தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு விருந்தினரோடு பேசிக்கொண்டிருந்தேன் ஒரு நாள், போகட்டும். நல்ல பண்டம், செரிக்கும், கெட்டியும் அளவானது. கடைசி விரலளவுத் துண்டில்தான் ஆபத்து. அதை முழுசாக விழுங்கினால் மூச்சுக்குழாயை அடைக்கும். எடுத்துக் குப்பையில் போடுங்கள், ஐந்து ராண்ட் போனால் போகிறது.

நாம் தின்னும் பில்டாங் என்ற உப்புக்கண்டத்தில் உப்பு அதிகம், மிளகாய் போட்டதும் உண்டு. ட்ரூவொர்ஸ் என்ற உலர்ந்த சாசேஜும் அப்படித்தான். நாய்க்கென்று உப்புப் போடாமல் உலர்த்தியது தனியாகக் கிடைக்கிறது. அது பல்லுக்கு வேலை தராது, ட்ரீட்டாகக் கொடுக்கலாம். பல் சுத்தத்துக்கென்று விற்கும் குச்சிகளில் வி.ஓ.எச்.சி. முத்திரை உள்ளதைத் தேடுங்கள். அது கால்நடைப் பல்நலக் குழு ஒன்று, ஆய்வு முடிவுகளைப் பார்த்துத் தருவது. எது கொடுத்தாலும் ஒரு நாள் சாப்பாட்டின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கறுப்பிக்குப் புல்லி ஸ்டிக் கொடுத்த நாளில் ராத்திரித் தீனியைக் குறைத்துவிடுகிறேன்.

சென்னையில் மலிவு என்று பெட்டியில் போட்டுக்கொண்டு வர நினைக்காதீர்கள். விலங்கிலிருந்து செய்த பொருளைக் கொண்டுவர இறக்குமதி அனுமதிச் சீட்டு வேண்டும். இல்லாவிட்டால் கிங் ஷாகா விமான நிலையத்திலேயே எடுத்துக்கொள்வார்கள்.

6. ரப்பரும் காய்கறியும், புரட்டாசிக்கும் சேர்த்து

இப்போது எங்கள் வீட்டில் ஓடுவது இதுதான். நடுவில் குழி உள்ள ரப்பர் பொம்மை, காங் வகை, 280 ராண்ட். ஒரு தடவை வாங்கியது இரண்டு வருடமாக உழைக்கிறது. உள்ளே வேகவைத்த பூசணியும் தயிரும், அல்லது மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு வைத்து ஃப்ரீசரில் இறுக்கிக் கொடுத்தால் முக்கால் மணி நேரம் சத்தமே வராது. புரட்டாசி முழுக்க இதிலேயே ஓட்டினேன். வழக்கமான தீனியை ஊறவைத்தும் அடைக்கலாம். தடித்த வட்டமாக நறுக்கிய சர்க்கரைவள்ளியைக் குறைந்த சூட்டில் ஓவனில் உலர்த்தினால் தோல்போல் இழுபடும், நல்ல மெல்லுபண்டம்.

வேர்க்கடலை வெண்ணெய் தடவுகிறவர்கள் லேபிளில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கிறதா என்று பாருங்கள். பிர்ச் சர்க்கரை என்றும் போடுவார்கள். கொஞ்சம் போனாலும் நாயின் ரத்தச் சர்க்கரை சரிந்துவிடும். அஃப்லடாக்சின் நச்சு இருந்ததென்று 2024 பிப்ரவரியில் இங்கே சில வேர்க்கடலை வெண்ணெய்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். அதற்குப் பிறகு நான் தயிரோடு நிறுத்திக்கொண்டேன்.

7. நேரமும் இடமும்

நீங்கள் அதே அறையில் இருக்கும்போதுதான் கொடுக்க வேண்டும். வேலைக்குப் போகும்போது போட்டுவிட்டுப் போவது மிகப் பெரிய தவறு, நானும் செய்திருக்கிறேன். பிடுங்காதீர்கள், பிடுங்கினால் அடுத்த தடவை வேகமாக விழுங்கும். ஒரு துண்டு கோழிக்கறியைக் காட்டி, மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு நாய் இருந்தால் இரண்டு அறை.

தீபாவளி ராத்திரி, இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வெடிச் சத்தம் நள்ளிரவு தாண்டியும் கேட்கும். பயந்த நாய் மெல்லாமல் விழுங்கும், அதனால் அன்று துண்டாகும் பண்டம் எதுவும் வேண்டாம். உறைந்த ரப்பர் பொம்மையை இருட்டும் முன்பே கொடுத்துவிடுங்கள். நக்குவது நாயைக் கொஞ்சம் அமைதிப்படுத்தும்.

8. மாட்டிக்கொண்டால்

வாயைக் காலால் பிராண்டுவது, எச்சில் ஒழுகுவது, ஓங்கரிப்பது, விழுங்க முடியாமல் தவிப்பது எல்லாம் எலும்பு சிக்கியதன் அடையாளம். கேளுங்கள், இது முக்கியம்: வெறிநோய்க்கும் இதே அடையாளம்தான். தாடை தொங்கி எச்சில் வழியும் நாயைப் பார்த்து, தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று கையை விட்டுவிடுவார்கள். க்வாஸூலு-நட்டாலில் வெறிநோய் இன்னும் இருக்கிறது. தடுப்பூசி அட்டை இல்லாத நாயின் வாயில், தெரு நாயோ காவலாளியின் நாயோ, கை வைக்கவே வைக்காதீர்கள். கடியோ எச்சிலோ காயத்தில் பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, நேராக மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

இங்கே நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம். 3 மாத வயதில் முதல் ஊசி, அடுத்த 12 மாதத்துக்குள் இரண்டாவது, பிறகு 3 ஆண்டுக்கு ஒருமுறை. அரசு கால்நடைத் துறை முகாம்களில் இலவசமாகப் போடுகிறார்கள். நாய் எச்சில் ஒழுக வந்தால் கிளினிக்கில் முதல் கேள்வியே அந்த அட்டையைப் பற்றித்தான் இருக்கும். காப்பகத்தில் கொடுத்த அட்டை, மைக்ரோசிப் எண், காப்பீடு இருந்தால் அதன் பத்திரம் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டுக் கார்ச்சாவி தொங்கும் இடத்தில் மாட்டி வையுங்கள். காப்பீட்டில் காத்திருப்புக் காலம் எத்தனை நாள், பல் சிகிச்சை சேர்த்தியா என்பதைச் சேரும் முன்பே கேளுங்கள். எனக்குப் பல் சேர்த்தியில்லை என்று பில் வந்த பிறகுதான் தெரிந்தது.

மீன்முள் சிக்கினால் நாம் சோற்று உருண்டையை விழுங்குவோமே, அதை நாயிடம் செய்யாதீர்கள். வாழைப்பழமும் வேண்டாம், விளக்கெண்ணெயும் வேண்டாம். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைத்தால், உள்ளே போன கூர்முனை வரும் வழியில் இன்னொரு தடவை கிழிக்கும், உப்பே நஞ்சாகவும் ஆகலாம். ஆசனவாயில் நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். மூச்சு விடத் திணறினால் அந்த நிமிடமே காரில் ஏற்றுங்கள், போகும் வழியில் போன் செய்யுங்கள். உணவுக்குழாயில் சிக்கியது சில மணி நேரத்திலேயே புண்ணாக்கும், காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. விழுங்கிவிட்டுச் சாதாரணமாக இருக்கிறது என்றால், மருத்துவரிடம் போனில் சொல்லிவிட்டு, இரண்டு மூன்று நாள் மலத்தைக் கவனியுங்கள். வாந்தி, வயிற்றைத் தொட்டால் உறுமல், ரத்தம், சாப்பிட மறுப்பு, இதில் எது வந்தாலும் கிளம்புங்கள்.

24 மணி நேரக் கிளினிக் எது, வீட்டிலிருந்து எத்தனை நிமிடம் என்று இன்றைக்கே பார்த்து, எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். அறுவைக்கு முன்பணம் கேட்பார்கள், எவ்வளவு என்று இப்போதே போன் செய்து கேட்டுவைத்தால் ராத்திரியில் கைகால் நடுங்காது. டிசம்பர் 16 விடுமுறையிலிருந்து புத்தாண்டு வரை வழக்கமான மருத்துவர் ஊரில் இல்லாமல் போகலாம், பல கிளினிக்குகள் அரை நாள்தான் திறக்கும். நாய் இதுவரை தின்று பார்க்காத எந்தப் பண்டத்தையும் அந்த இரண்டு வாரத்தில் முதன்முதலாகக் கொடுத்துப் பார்க்காதீர்கள்.